கையும் வேண்டும்

கதவு சாத்தியதும் ரேணுகாதேவி தண்ணீர் கேனுக்குப் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைக் கையில் எடுத்தாள், எடுத்ததைத் திறக்காமல் மடியில் கவிழ்த்து வைத்தாள். சனிக்கிழமை, பதினொரு மணி. பதினொன்றே முக்காலுக்குக் கதவு திறக்கும். ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு செருப்புக் கடையின் மாடியில் இருந்த இந்த ஸ்பீச் தெரபி நிலையத்துக்கு மூன்றரை வருஷமாக வருகிறாள். உள்ளே ஏழு வயது ஆதிரையும் ஃபர்ஹானா மேடமும். கதவுக் கண்ணாடியில் பழைய காலண்டர் தாளை ஒட்டியிருந்தார்கள், அம்மாமார்கள் எட்டிப் பார்த்தால் பிள்ளைகளின் கவனம் கலையும் என்று. அதனால் வெளியே இருப்பவர்களுக்குக் காதுதான் வேலை. இந்த முக்கால் மணி நேரத்தில் அவள் எத்தனையோ செய்திருக்கிறாள், கீரை ஆய்ந்திருக்கிறாள், தூங்கியிருக்கிறாள், முக்கியமாகக் குழுவில் வந்திருக்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் எழுதியிருக்கிறாள். இன்றைக்கு எழுத வேண்டியது ஒரே ஒரு பதில். சாருலதா வேறு காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டாள், அக்கா, அந்த ஆளை பிளாக் பண்ணிடவா, என்று. திருச்சியில் இருக்கும் சாருலதாவும் இவளும்தான் அந்த முகநூல் குழுவை நடத்துகிறவர்கள். காது கேளாத பிள்ளைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து மெஷின் வைத்த தாய்மார் நான்காயிரம் பேர் அதில். பிளாக் பண்ணு என்று இரண்டு வார்த்தை தட்டினால் போதும். அந்த இரண்டு வார்த்தையை நேற்று என்றால் தட்டியிருப்பாள். இன்று பத்தே முக்காலுக்கு, படியேறும்போது, அந்த மனிதருடைய பதிலைப் படித்துத் தொலைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை ஆரம்பித்தது இது. தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி கேட்டிருந்தாள், என் மகனுக்கு இரண்டு வயது, அடுத்த மாதம் ஆபரேஷன், அதுவரைக்கும் அவனிடம் கையைக் காட்டிப் பேசலாமா என்று. ரேணுகா யோசிக்கவே இல்லை. நூறு தடவை எழுதிய பதில். கூடாது, கை மடியில் இருக்கட்டும், கண்ணுக்குத் தீனி போட்டால் காது சோம்பேறியாகிவிடும், எங்கள் ஆதிரையை அப்படித்தான் வளர்த்தோம். இருநூறு பேருக்கு மேல் விருப்பம் போட்டார்கள். அதற்குக் கீழே ஜெயசிங் என்று ஒருவர் வந்தார். பாளையங்கோட்டை, வயது நாற்பத்தொன்று, கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறவர், பிறவியிலேயே காது கேட்காது, தங்கை மகனுக்காகக் குழுவில் சேர்ந்தாராம். மெஷின் வேண்டாம் நான் சொல்லவில்லை, மெஷினும் வேண்டும், கையும் வேண்டும், ஒரு மாதம் குழந்தை யார் பேசும், என்று எழுதியிருந்தார். யாரிடம் பேசும் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த விட்டுப்போன ‘இடம்’தான் ரேணுகாவின் கண்ணில் முதலில் பட்டது. அன்றைக்கு லேபில் நல்ல கூட்டம், காலையிலிருந்து நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்த அலுப்பு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டினாள். நன்றி சார், உங்கள் எழுத்தைப் படித்தாலே போதும், சைகை ஏன் வேண்டாம் என்கிறோம் என்று எல்லோருக்கும் புரிந்துவிடும். தட்டி முடித்து ஒரு வாய் தயிர் சாதம் சாப்பிட்டாள், நன்றாக இருந்தது. சாதத்தைச் சொல்கிறாளா எழுதியதைச் சொல்கிறாளா, இரண்டும்தான். சாயங்காலத்துக்குள் சிரிக்கும் முகங்களாக எழுபது எண்பது விழுந்திருந்தன. ஒரு பெண், சூப்பர்க்கா செருப்படி, என்று எழுதியிருந்தாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். திட்டியிருந்தால் விதிமுறை மூன்று, தரக்குறைவான பேச்சு, என்று வெளியே அனுப்பியிருக்கலாம். அவரோ ஒன்றரை நாள் கழித்து, நிதானமாக, இப்படி எழுதியிருந்தார். ‘நீங்கள் சொன்னது உண்மை. என் தமிழ் பிழை நிறைய. ஐ, கு, இடம் எனக்கு வராது. பள்ளியில் ஆறு வருடம் கை கட்டி வாய் பார் என்றார்கள். அதனால் பிழையா, சைகையால் பிழையா, எனக்குத் தெரியாது. நீங்கள் சரியாக இருக்கலாம். உங்கள் பிள்ளை நான் பார்த்தது இல்லை. ஒரு கேள்வி. குளிக்கும்போது மெஷின் கழற்றுவீர்கள். அப்போது பிள்ளை என்ன பேசுவது? சண்டை இல்லை. தெரிந்துகொள்ள கேட்கிறேன்.’ நீங்கள் சரியாக இருக்கலாம். இதில் ஏதாவது நையாண்டி இருக்கிறதா என்று படியில் நின்றபடியே தேடினாள், ஆதிரை கையைப் பிடித்து இழுக்க இழுக்கத் தேடினாள், கிடைக்கவில்லை. யாராவது இவளிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார்களா. கணவர் தனபால் சொன்னதில்லை, மாமியார் சொன்னதில்லை, லேபில் டாக்டர் சொன்னதே இல்லை. இவளும்தான் யாரிடமும் சொன்னதில்லை. மடியில் கவிழ்ந்திருந்த ஃபோனைத் திருப்பி, குளிக்கும் நேரம் பத்து நிமிடம்தான் சார், மற்ற பதினைந்து மணி நேரத்தைப் பாருங்கள், என்று தட்டினாள். சரியான பதில்தான். கணக்கும் சரி. அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது, நின்றுகொண்டே இருந்தது, திரை அணைந்துவிட்டது.

உள்ளேயிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. ஆ. ஈ. ஊ. ம். ஷ். ஸ். ஃபர்ஹானா மேடம் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வார், கேட்டதும் ஆதிரை ஒரு பாசிமணியை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ஆறு ஒலிக்கு ஆறு மணி. ஐந்து மணி விழுந்த சத்தம் வந்தது. ஸ் விழவில்லை. எப்போதும் ஸ்தான் தகராறு. ரேணுகாவுக்குத் தன் காதுக்குள்ளேயே ஏதோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. மெஷின் பொய்யில்லை, அதை யாரும் சொல்லிவிட முடியாது. மூன்றரை வயதில் ஸ்விட்ச் ஆன் செய்த அன்று குக்கர் விசில் அடித்ததும் பிள்ளை விளையாட்டை விட்டுவிட்டு ஓடிவந்து இவள் காலைக் கட்டிக்கொண்டதை யார் வந்து மறுப்பார்கள். அம்மா என்று அவள் சொன்ன நாளில் தனபால் சாயப்பட்டறையில் பாதி வேலையில் இருந்தவர் ஃபோனில் அதைக் கேட்டுவிட்டு அப்படியே கிளம்பி வந்தார், முழங்கை வரைக்கும் நீலம். அதற்கப்புறம்தான் இந்தக் குழு. வழி தெரியாமல் ஒரு வருஷம் அலைந்ததை வேறொருத்தி அலைய வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தாள், சத்தியமாக அதற்குத்தான். ஆனால் நான்காயிரம் பேர் அக்கா அக்கா என்று கேட்கும்போது, தெரியாது என்று ஒரு தடவைகூடச் சொல்ல முடியாமல் போய்விட்டது. பயந்துபோய்க் கேட்கிறவளிடம் தெரியாது என்றால் அவள் இன்னும் பயப்படுவாள். அதனால் கூடாது என்று சொன்னாள், கட்டாயம் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்கே பலமாக இருந்தது.

அப்போது பிள்ளை என்ன பேசுவது? குளிக்கும்போது என்று அந்த மனிதருக்கு எப்படித் தோன்றியது. தூங்கும்போது என்று கேட்டிருக்கலாம். பேட்டரி தீர்ந்தால் என்று கேட்டிருக்கலாம். மெஷின் வைப்பதற்கு முன்னால் ஆதிரைக்குக் கை நிறையப் பேச்சு இருந்தது. பசித்தால் ஒரு சைகை, பல்லிக்கு ஒரு சைகை, மாடிவீட்டு மாமாவின் வழுக்கைக்கு ஒன்று. தெரபி தொடங்கிய முதல் மாதத்தில், கையை ஆட விடாதீங்க, கையில பேசினா வாயில வராது, என்று இங்கே சொல்லித் தந்தபோது ரேணுகா அதை ஒரு மருந்துச் சீட்டு மாதிரி அப்படியே பின்பற்றினாள். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொள்வாள். சொல்லு, வாயால சொல்லு, தண்ணி, த-ண்-ணி. தினமும் பத்துப் பேருடைய மணிக்கட்டைத் தொடுகிறவள்தான், நரம்பு தேடுகிற விரல்கள், அந்தச் சின்ன மணிக்கட்டுக்குள் நாடி குருவி மாதிரி அடித்துக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. பிடியை விடவில்லை. விடக்கூடாது என்று சொல்லியிருந்தார்களே. கை கட்டி வாய் பார் என்றார்கள். ஜெயசிங்கின் கையைக் கட்டியது யாராக இருக்கும், வாத்தியாரா, அவருடைய அம்மாவா, அந்த அம்மாவின் விரலுக்கும் தெரிந்திருக்குமா. பிறகு ஒரு நாள், ஆதிரைக்கு நான்கு வயது, குளியலறையில் கண்ணில் சோப்பு போய்விட்டது. மெஷின் வெளியே அலமாரியில். பிள்ளை வீறிடுகிறாள், இவள் ஒண்ணுமில்லடா ஒண்ணுமில்லடா என்கிறாள், யாருக்குக் கேட்கிறது. கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டுவிட்டவளை என்ன செய்து எட்டுவது என்று தெரியாமல், அவள் கன்னத்தில் இரண்டு விரலை வைத்து மெதுவாகத் தேய்த்தாள். அழுகை நின்றது. பிள்ளை இவள் கன்னத்தைத் தடவித் தேடி அதே இரண்டு விரலை வைத்தாள். அது சோப்பு. மெஷினுக்குப் பிறகு முதல் சைகை. அதற்கப்புறம் உள்ளங்கையை ஊதினால் தண்ணீர் சூடு. மூக்கைப் பிடித்தால் அப்பா, சாய வாடை. தோளில் இரண்டு தட்டுத் தட்டினால் பள்ளிக்கூடம். வாயால் கேட்டால், ஸ்கூல் நல்லா, என்பதற்கு மேல் ஒன்றும் வராத பிள்ளை, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் இரட்டைச் சடைக்காரி பென்சில் பெட்டியைப் பிடுங்கியது, டீச்சர் திரும்பிக்கொண்டு கொட்டாவி விட்டது, தான் அழாமல் இருந்தது எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். முகத்திலும் கையிலும் தண்ணீர் சொட்டச் சொட்ட. கதவைத் திறந்ததும் இரண்டு பேரும் கையைக் கீழே போட்டுவிடுவார்கள். பிள்ளையும் போட்டுவிடுவாள், யாரும் சொல்லித் தராமலே. அது தப்பு என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. இதை ரேணுகா தனபாலிடமே சொன்னதில்லை. கை மடியில் இருக்கட்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு, சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் குளியலறைக்குள் இது.

அந்தச் சைகைகள் எத்தனை என்று ஒரு நாளும் எண்ணியதில்லை என்பது திடீரென்று உறைத்தது. லேபில் வெள்ளை அணுவை எண்ணுகிறவள், இதை எண்ணவில்லை. சோப்பு, சூடு, அப்பா, பள்ளிக்கூடம், இரட்டைச் சடை, பொய், வலி, முடிந்தது, இன்னும் கொஞ்சம். எண்ணும்போது கை தானாக எழுந்து ஒவ்வொன்றையும் செய்து பார்த்தது. எதிர் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு தகப்பன், அடுத்த முறைக்காகக் காத்திருப்பவர், தலையைத் தூக்கிப் பார்த்தார், பார்த்துவிட்டு மரியாதையாகத் தாளுக்குள் போய்விட்டார். முப்பத்தொன்று வந்தது. இன்னொரு தரம் எண்ணினாள். முப்பத்தொன்று. உடனே பயம் வந்தது. ஏனென்றால் ஆதிரையின் வீட்டுப்பாட நோட்டு அவளுக்கு மனப்பாடம். டீச்சர் நான் அடிக்கவில்லை, என்று போன வாரம் எழுதியிருந்தாள். நீ டீச்சரை அடிக்கவில்லையா, டீச்சர் உன்னை அடிக்கவில்லையா, என்று இவள் பத்து நிமிடம் மல்லுக்கு நின்றாள். என்னை என்று எழுத வேண்டும். அந்த ‘ஐ’ பேச்சில் வந்ததே தெரியாமல் வந்து போகும் சின்ன ஒலி, மெஷினுக்குள் அது விழுகிறதோ இல்லையோ. ஐ, கு, இடம் எனக்கு வராது. அதே பிழை. ஒரு எழுத்து மாறாமல் அதே பிழை, பாளையங்கோட்டையிலும் தன் வீட்டு நோட்டிலும். அப்படியானால் என்ன அர்த்தம். சைகைதான் எழுத்தைக் கெடுக்கும் என்பது உண்மையென்றால், என் முப்பத்தொன்றுதான் என் பிள்ளையைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, நானே, தினமும், கதவைச் சாத்திக்கொண்டு. அது உண்மையில்லையென்றால், எண்பது பேர் சிரிக்க ஒரு மனிதரின் எழுத்தைத் தூக்கிக் காட்டியது எதற்காக. இந்தப் பக்கம் போனால் மகள், அந்தப் பக்கம் போனால் அவர். மூன்றாவதாக ஒரு வழி உண்டா என்று தேடினாள். இருந்தது, அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது: எது உண்மை என்று எனக்குத் தெரியாது. அவர் அதை எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டார். அதனாலா, இதனாலா, எனக்குத் தெரியாது. தன் வாழ்க்கையையே பற்றி.

லேபில் ஒரு ஹீமோகுளோபின் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்து நான்கு என்று வந்தால் அவள் கையெழுத்துப் போட மாட்டாள். மறுபடி ஓட்டிப் பார்ப்பாள், குழாய் மாறிவிட்டதா என்று பார்ப்பாள், ஆளையே கூப்பிட்டுக் கண்ணிமையை இழுத்துப் பார்ப்பாள். மெஷின் சொல்கிறதே என்று கேட்கிற புதுப் பெண்களைக் கடிந்துகொள்வாள். மூன்றரை வருஷத்தில் கை கூடாது என்ற இந்த ஒரு விஷயத்தை ஒரு தடவைகூட மறுபடி ஓட்டிப் பார்க்கவில்லை. சாருலதாவின் செய்தி மூன்றாவது முறை வந்தது. அக்கா, தர்மபுரிப் பொண்ணு குழம்பிப் போயிருக்கு, அந்த ஆள் கேள்விக்கு நீங்க ஏன் பதில் போடலைனு கேக்குது, தூக்கிடவா. ரேணுகாவுக்கு அந்தப் பெண்ணின் முகம் தெரியாது, ஆனாலும் தெரிந்தது: இரண்டு வயதுப் பையன் எதிரே கையை ஆட்டி என்னவோ கேட்கிறான், அவள் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஏனென்றால் ஈரோட்டு அக்கா சொல்லியிருக்கிறாள். ஒரு மாதம். ரேணுகா, தூக்க வேண்டாம், என்று சாருலதாவுக்கு அனுப்பினாள். பிறகு கணக்குச் சொன்ன அந்தப் பதிலை அழித்தாள். பத்து நிமிடம்தான் சார். அது பொய்கூட இல்லை, அதுதான் அதில் மோசம்.

எழுதினாள், இரண்டு கட்டைவிரலாலும். மன்னிக்கவும் என்று ஆரம்பித்து அழித்தாள், அது நாடகம் மாதிரி இருந்தது. விளக்கமாக எழுதி அழித்தாள், அது தன்னை நல்லவளாகக் காட்டியது. கடைசியில் இவ்வளவுதான் நின்றது. ‘ஜெயசிங் சார், உங்கள் எழுத்தைப் பற்றி நான் எழுதியது தப்பு. அது பதிலே இல்லை. மெஷின் வைத்த பிள்ளைக்குப் பேச்சுக்குத்தான் முதல் இடம் என்று இப்போதும் நினைக்கிறேன், அதில் நாம் ஒத்துப்போகவில்லை. உங்கள் கேள்விக்குப் பதில்: குளிக்கும்போது நானும் மகளும் கையால் பேசுகிறோம். முப்பத்தொரு சைகைகள் இருக்கின்றன. இதை யாரிடமும் சொன்னதில்லை. அது அவளுக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி இங்கே பல முறை எழுதிவிட்டேன். தர்மபுரித் தங்கச்சி, உங்கள் டாக்டரிடமும் கேளுங்கள், இவரிடமும் கேளுங்கள். இந்த ஒரு மாதம் பையன் கையால் கேட்டால் நான் என்றால் பதில் சொல்வேன்.’ மறுபடி படித்தால் அனுப்ப மாட்டோம் என்று தெரிந்ததால் படிக்காமல் அனுப்பினாள். உலகத்தில் ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி அதே கிறீச்சோடு சுற்றியது, கீழே யாரோ செருப்புக்கு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் முதல் பதில் வந்தது, அட்மினே இப்படிப் பேசினா நாங்க யாரை நம்பறது, என்று. நியாயமான கேள்வி. இரண்டாவது, இதெல்லாம் ஒரு பெருமையா. மூன்றாவது கொஞ்ச நேரம் கழித்து வந்தது, பெயரில்லாத கணக்கு ஒன்றிலிருந்து, எங்க வீட்ல பதினாறு, அக்கா, மொட்டை மாடில. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்தது. ஆதிரை ஓடிவந்து செருப்பைத் தேட ஆரம்பித்தாள். ஃபர்ஹானா மேடம் கோப்போடு வாசலில் நின்றார், வேலூர்ப் பக்கத்துப் பெண், இவளைவிடப் பத்து வயது சின்னவர், பிள்ளைகளிடம் தொண்டை கட்டுமளவுக்குப் பேசுகிறவர். இன்றைக்கு ஸ் வரவே இல்லை, கவனம் கொஞ்சம் குறைவு என்றார். பிறகு, ஒவ்வொரு மாதமும் கேட்பதையே கேட்டார். “ஆதிரை அம்மா, கை ஜாஸ்தியா வருது. வீட்ல யாராச்சும் சைகை காட்டிப் பேசறீங்களா?” ஒவ்வொரு மாதமும் இல்லீங்க மேடம் என்று சொல்லிப் பழகிய வாய் அதற்குத் தயாராகவே திறந்தது.

“நான்தானுங்க மேடம்,” என்றாள் ரேணுகா. “குளிக்க வெக்கறப்ப. மூணு வருஷமா.”

செய்தித்தாள் தகப்பன் பக்கத்தைத் திருப்பவில்லை. மேடத்தின் முகத்தில் கோபத்தைவிட ஏமாந்துபோன களைப்புதான் அதிகம் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் மூன்று வருஷமாக எழுதி வைத்த அட்டவணையெல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்றார். சைகை பேச்சைத் தள்ளிப்போடும் என்றுதான் தான் படித்திருப்பதாகவும், அனுபவத்தில் பார்த்திருப்பதும் அதைத்தான் என்றும் சொன்னார். ரேணுகா குறுக்கே பேசவில்லை. சொல்லி முடித்த பிறகு, “நீங்க சொல்றது சரியா இருக்கலாமுங்க,” என்றாள். அந்த வாக்கியம் வாயில் புதுசாக இருந்தது, புதுப் பல் மாதிரி உறுத்தியது. “ஆனா நான் நிறுத்த மாட்டனுங்க மேடம். பொய்யும் சொல்ல மாட்டேன் இனி.” ஃபர்ஹானா மேடம் பேனாவைத் திறந்து கோப்பில் எழுதினார், எழுதிக்கொண்டே, “எனக்கு இது பிடிக்கல. ஆனா என்னென்ன சைகைனு எழுதிட்டு வாங்க, அடுத்த வாரம் வர்றப்ப. ஆறு மாசம் பார்ப்போம்,” என்றார். யார் சொன்னது சரியென்று பார்ப்போம் என்றுதான் சொல்கிறார் போலிருந்தது. ரேணுகா சரியென்று தலையாட்டினாள்.

படியிறங்கி வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் ஃபோன் மறுபடி அதிர்ந்தது. ஆதிரை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, “அம்மா, போ,” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. ஒரு நிமிஷம்டா என்று அவள் முகம் பார்த்துச் சொல்லிவிட்டு வெயிலுக்குக் கையால் மறைத்துத் திரையைப் பார்த்தாள். ஜெயசிங். தன் எழுத்தைப் பற்றி ஒன்றும் இல்லை, மன்னித்தேன் என்றும் இல்லை, நான் சொன்னேன் அல்லவா என்றும் இல்லை. ‘முப்பத்தொன்று நிறைய,’ என்று எழுதியிருந்தார். ‘என் அம்மா கையில் நான்கு. வா. சாப்பிடு. தூங்கு. கூடாது. அம்மா போன வருடம் இறந்தார்.’ ரேணுகா வண்டிச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்த நான்கையும் திரும்பப் படித்தாள். நான்கும் சொல்வதற்கானவை. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த மகனிடம் எதையும் கேட்பதற்கு அந்த அம்மாவிடம் ஒரு சைகைகூட இல்லை.